சும்மா வரும் காசு

"மாசம் ஆயிரம் ரூபா சும்மா வந்தா நடவுக்கு யாரு வருவா?" டீக்கடையில் பெரியவர் அலுத்துக்கொண்டார். (அவர் பென்ஷன் வாங்குகிறவர்.) எங்கள் தெருவில் அந்த ஆயிரத்தை, அதாவது தமிழக அரசு பெண்களுக்குத் தரும் உரிமைத்தொகையை, வாங்கும் அக்கா காலை ஆறரைக்கே தூக்குவாளியோடு வேலைக்கு வேன் ஏறிவிடுகிறார். அந்த ஆயிரம் சிலிண்டருக்கே சரியாய்ப் போகிறது.

பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருடமும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது, அதுதான் விஷயமே. சரி, எல்லோரும் படுத்துத் தூங்கினார்களா? ஒரு வருடக் கணக்கில், பணம் வாங்காதவர்களைவிடச் சராசரியாக 6 நாள் கூடுதலாகவே வேலை பார்த்தார்கள். நடுவில் அரசு வேறு விதிகளையும் மாற்றியது, அதனால் முழுப் பெருமையும் இந்தப் பணத்துக்கில்லை. மனக்கவலை குறைந்ததாகவும் சொன்னார்கள்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அங்க குளிருப்பா, வேலை செஞ்சாத்தான் உடம்பு சூடாகும்" என்றார்.