அழும்பு பண்ணும் மாரியோ

ஜூலை 12, 2025, சனி

தம்பி மகள் மத்தியானமே வந்துவிட்டாள். நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியில் 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்ற மாரியோ ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். 1985இல் வந்த முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இதிலும் அதே செங்கல், அதே ஆமை. கேள்விக்குறிப் பெட்டியை முட்டினாள், காளான் வந்தது, ஓடிப்போய் எடுத்தாள், செத்துப் போனாள்.

"அத்தே, காளான் எடுத்தாப் பெருசாகோணுமல்ல?"

"அது விஷக்காளான் கண்ணு. நெறத்தப் பாரு."

1986 ஜூனில் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஆட்டம் இது. அங்கே இதன் பெயரே 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2'. சூப்பர் ஆட்டக்காரர்களுக்கு என்று உறையிலேயே போட்டு விற்றார்கள். முதல் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களை மனசில் வைத்தே செய்திருக்கிறார்கள். அது எதையெல்லாம் நம்பச் சொன்னதோ, அதையெல்லாம் இது முதல் கட்டத்திலிருந்தே கவிழ்க்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு பிரியம். அவள் ஆடுவதைப் பார்த்து எழுதி வைக்கப் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான் பொழுது போனது.

பார்த்தால் சாதாரணப் பள்ளம். ஓடும் பொத்தானை அழுத்தியபடியே விளிம்பு வரை போய், கடைசி நொடியில் எகிறினால் தாராளமாகத் தாண்டலாம். அவளும் அப்படித்தான் எகிறினாள். பாதி வழியில் 'டங்' என்று ஒரு சத்தம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பெட்டி முளைத்து மண்டையில் இடித்தது. நாணயம் ஒன்று மேலே துள்ளியது, மாரியோ நேராகக் கீழே போனான். காசும் கொடுத்து உயிரையும் வாங்கிக்கொள்கிறது.

இதில் நான் ரசிப்பது அந்தப் பெட்டி இருக்கும் இடத்தை. நல்லா ஆடத் தெரிந்தவர்கள் எந்த உயரத்தில் தாண்டுவார்களோ சரியாக அங்கே வைத்திருக்கிறார்கள். கத்துக்குட்டி எக்குத்தப்பாகக் குதித்தால் அது கண்ணிலேயே படாது. செய்தவர் நம் கட்டைவிரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தமாதிரி இருக்கிறது. இன்னொரு இடத்தில் இதே மறைந்த பெட்டிதான் ஏறிப்போகப் படி. அது இல்லாமல் வழியே கிடையாது. கொன்றதையே பிறகு துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சாயந்திரம் சந்தவையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். எகிறுவதைச் சற்றுத் தள்ளி ஆரம்பித்தாள். தாண்டிவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

ஜூலை 16, புதன்

மில்லில் மாதக் கணக்கு. இரவு கொஞ்ச நேரம்தான்.

இந்த ஆட்டம் அமெரிக்காவுக்குப் போகாமல் நின்ற கதை தெரியவேண்டியது. அங்கே நிண்டெண்டோவில் ஆட்டங்களை ஆடிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பில் இருந்தவர் ஹோவர்ட் ஃபிலிப்ஸ். அவர் இதை ஆடிப் பார்த்துவிட்டு, இது ஆடுகிறவனைத் தண்டிக்கிறது, இதில் சந்தோஷம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். ஆக, 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு ஜப்பானிய ஆட்டத்தில் ஆட்களை மாற்றி, 1988இல் இரண்டாம் மாரியோ என்று அங்கே விற்றார்கள். உண்மையான இரண்டாவது 1993இல்தான் 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பில் போய்ச் சேர்ந்தது. 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரும் அப்போது வைத்ததுதான்.

கடைக்காரர் கண்ணோடு பார்த்தால் அவர் முடிவு சரி. முதல் ஆட்டத்தைத் தொடாத பிள்ளை இதை வாங்கினால் அழுதுவிடும். ஆனால் சந்தோஷம் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளத்தைத் தாண்டியபோது அவள் முகத்தைப் பார்த்தேனே.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்து காற்று உக்கிரமாகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம் பக்கம் ஒரு பொருளையும் நிற்க விடாது. வீட்டுக்குப் பின்னால் காற்றாலை இரைச்சல் ராத்திரி பூராவும் கேட்கிறது.

ஆட்டத்திலும் இன்று காற்றுக் கட்டத்துக்கு வந்தோம். திரையில் இலைகள் பறக்கத் தொடங்கும், மாரியோ வலது பக்கமாகத் தள்ளப்படுவான். சும்மா குதித்தால் எட்டவே எட்டாத பள்ளங்களைக் காற்றோடு சேர்ந்து குதித்தால் தாண்டலாம். சின்ன மேடையில் இறங்கும்போது அதே காற்று நம்மை அந்தப் பக்கம் தள்ளியும் விடும். நம் விரல் பழகிய தூரக்கணக்கு எதுவும் செல்லாது.

அவளுக்கு இந்தக் கட்டம் சட்டென்று பிடிபட்டது. "அத்தே, டிவிஎஸ்ல போறப்ப நீங்க வண்டியச் சாய்ச்சுப் புடிப்பீங்கல்ல, அதே மாறித்தானுங்." தள்ளும் பக்கத்துக்கு எதிராக முன்கூட்டியே இழுத்துப் பிடித்தாள். கரண்ட் போன பிறகும் ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று அப்பா வெகுநேரம் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்.

குழாயிலிருந்து வரும் செடி, முதல் ஆட்டத்தில் நாம் பக்கத்தில் நின்றால் வெளியே வராது. இதில் சிவப்புச் செடி பக்கத்திலேயே நின்றாலும் வரும். பேத்தி அதில் திரும்பத் திரும்ப மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "இத்தன அழும்பு பண்ற ஆட்டத்த ஏஞ்சாமி ஆடுறே?" என்றார்.

"நாளைக்கு வந்தாலும் அது அதே எடத்துலதானுங்கப்பாரு இருக்கும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இத்தனை நாளாக நான் சொல்ல முயல்வது இதைத்தான். பொறி நகராது. முதல் தடவை ஏமாற்றியது ஆட்டம். இரண்டாம் தடவை நமக்கு அது தெரியும், நமக்குத் தெரியும் என்று ஆட்டத்துக்கும் தெரியும். குருட்டு அதிர்ஷ்டத்தில் கொல்கிற ஆட்டங்களும் பொத்தான் சொன்னபடி கேட்காத ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றை ஒரு மணி நேரம்கூட என்னால் தாங்க முடியாது. இங்கே மாரியோ நம் விரல் சொன்னதைத்தான் செய்கிறான். கோபமே அங்கேதான் தணிகிறது.

ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சில கட்டங்கள் சேர்ந்தால் ஓர் உலகம். மூன்றாம் உலகத்தின் முதல் கட்டத்தில் ரகசிய இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, கஷ்டப்பட்டுக் குழாய்க்குள் போனால், அது முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். தேடிப் பார்க்கும் குணத்துக்கு அது தண்டனை. மற்ற பொறியெல்லாம் நம்மை யோசிக்க வைக்கும், இது நேரத்தை மட்டும் தின்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மாறுதலுக்காகப் பழைய லேப்டாப்பில் 'சியோபோன் ஆக்‌ஷன்' போட்டேன். 2007இல் ஜப்பானில் இலவசமாக வந்தது, நாயகன் ஒரு வெள்ளைப் பூனை. தரை இடிந்து விழும், சிரித்துக்கொண்டிருக்கும் மேகம் தொட்டால் கொல்லும். இரண்டு உயிரோடு ஆரம்பித்து, பூஜ்யத்தில் நிற்காமல் கழித்தல் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பயமே இல்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதே 2007இல் வந்த 'ஐ வான்னா பி த கை'யில் மரத்தடியில் போனால் ஆப்பிள் தலையில் விழும். சரி என்று மரத்துக்கு மேலே ஏறிப் போனால் ஆப்பிள் மேல்நோக்கி விழும்! அவளுக்கு இன்னும் காட்டவில்லை. இரண்டாவது ஆப்பிளை அவள் முதன்முதலாகப் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காலையில் அமராவதிக்குப் போய் வந்தோம், வீடு நிறைய உறவுக்காரப் பிள்ளைகள். ஆளுக்கொரு உயிர் என்று ஸ்விட்ச் கை மாறியது. விஷக்காளானைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை எங்கள் அம்மிணி. ஒவ்வொருத்தராக அதை எடுத்துச் சாகிறவரை காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

எட்டாம் உலகம். மாரியோவை விட்டு அவன் தம்பி லூயிஜிக்கு மாறிவிட்டாள். அவன் அதிக உயரம் தாண்டுவான், ஆனால் நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்குவான். உயரம்தான் வேண்டும் என்கிறாள். குறுகிய மேடைகளுக்கு மாரியோதான் சரி என்பது என் கட்சி.

நேற்று இரவு நான் மட்டும் 'செலஸ்ட்' ஆடினேன். 2018இல் வந்தது, இதுவும் கடினம்தான். ஆனால் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினாலும் சில ஃபிரேம்கள் (கண்ணிமைக்கும் நேரம்தான்) வரைக்கும் தாவலை ஏற்றுக்கொள்ளும். செத்த மறுகணமே அதே அறையில் எழுந்து நிற்கலாம். அருமையான ஆட்டம். அதை அவளுக்கு அடுத்து கொடுப்பேன், 'லாஸ்ட் லெவல்ஸ்' முடிந்த பிறகு.

இது முடிய இன்னும் நாளாகும். குறுக்குவழி எதிலும் புகாமல் எட்டு உலகத்தையும் முடித்தால்தான் ஒன்பதாவது உலகம் திறக்கும். அவளோ குறுக்கே புகுந்து வந்தவள். இன்று சாயந்திரம் அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"அப்பொ ஒண்ணுலருந்து திரும்ப ஆடோணுங்ளா?"

"ஆமாஞ்சாமி."

"செரி, எட்ட முடிச்சுப்போட்டு ஆடறனுங்."