இடாப்பில் வெட்டிய பெயர்கள்

எழுபதுகளில் இலங்கையில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தவணை தொடங்கும்போதெல்லாம் சில வாங்குகள் காலியாகக் கிடக்கும். "இந்தியாவுக்குப் போயிட்டாங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஆசிரியர் வரவு பதியும் இடாப்பில் பெயரை வெட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். 1948இல், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரான மலையகத்தாரின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் பங்குக்கு ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பல் ஏறிய நம் கூட்டாளிகள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று சொல்ல யாருமில்லை.

எனக்கு அந்தக் கதையின் மிச்சத்தைச் சொன்னவர் ஒரு ராப் பாடகர். அரக்கோணத்துக்காரரான தெருக்குரல் அறிவு. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்.

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில்தான் பலர் அறிவை முதலில் கேட்டார்கள். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஏறி, சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்ட குழு அது. 2019இல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' பாடல் தொகுப்பை அறிவு வெளியிட்டார். இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து அவர் பாடிய 'சண்ட செய்வோம்' பாட்டைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒரு காகிதத்தால் மனிதரை நாடற்றவராக்க முடியும் என்பதை அந்தப் பாட்டியின் பேரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்தக் கோபம் படித்து வந்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. அதனால்தான் கூட்டத்தைக் கிளப்ப எழுதும் வரிகளிலிருந்து அவருடைய வரிகள் தனியாக நிற்கின்றன.

2021இல் பாடகி தீயுடன் சேர்ந்து அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். இங்கே நம் திருமண மண்டபங்களிலும் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியும் கையளவு நிலம் கிடைக்காதவர்களின் கதை அதற்குள் இருக்கிறது. அந்தக் கதையைக் கொண்டுவந்தவரே, அந்தப் பாட்டைக் கொண்டாடிய ஒரு பத்திரிகை அட்டையில் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே அது மேடையேறியது. இரண்டு முறையும் எனக்கு ஆற்றமுடியவில்லை. உழைத்தவர் பெயர் விடுபடுவதை நாம் தோட்டத்தில் பார்த்தது போதாதா?

அறிவு ஓயவில்லை. 2024இல் வந்த அடுத்த தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். நம் அடுத்த ஒன்றுகூடலுக்கு யாரை அழைப்பது என்ற பேச்சு செயற்குழுவில் வரும்போது, அவர் பெயரை நான் முன்மொழியப் போகிறேன்.