பிரஷ்யாவில் காப்டன், பென்சில்வேனியாவில் ஜெனரல்

நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றின் கரையோரம், ரிவர் எட்ஜ் என்னும் ஊரில், செம்மணற்கல்லால் கட்டப்பட்ட பழைய வீடு ஒன்று இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்ற ஒரு குடும்பத்திடமிருந்து பறிமுதல் செய்து, ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஃபான் ஸ்டாய்பன் என்ற ஜெர்மானியப் படை அதிகாரிக்கு மாநில அரசு கொடுத்த வீடு அது. படை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அவரை வேறு காரணங்களுக்காகப் படிப்பார்கள். பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கோ, ஊரில் கடன், கையில் சிபாரிசுக் கடிதம், தெரியாத மொழி, எப்போது வரும் என்று தெரியாத சம்பளம் என்று அவருடைய வாழ்க்கை மிகவும் பழக்கப்பட்டதாக இருக்கிறது.

அவர் 1730இல், பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் மாக்டபுர்க் நகரில் பிறந்தார். தந்தை கோட்டை கட்டும் பொறியாளராகப் படையில் இருந்தவர். வேலை ரஷ்யாவுக்குப் போனபோது பிள்ளையும் உடன் போனான். பெயருக்கு நடுவே நிற்கும் ‘ஃபான்’ என்ற உயர்குடிச் சொல்லை அவருடைய தாத்தாவே சேர்த்துக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. நிலமோ பண்ணை வருமானமோ இல்லாத அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிரஷ்யாவில் படையை விட்டால் வேறு போக்கிடம் அதிகம் இல்லை. இளம் வயதிலேயே சேர்ந்த அவர், ஐரோப்பிய வல்லரசுகள் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போரில் இருமுறை காயமுற்றார். ரஷ்யர்களிடம் சிறைப்பட்டு மீண்டார். மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷின் தலைமையகத்தில் பணிபுரிந்து, மன்னரே சில அதிகாரிகளுக்கு நடத்திய போர்க்கலை வகுப்பிலும் இடம்பெற்றார். ஆனால் 1763இல் போர் முடிந்ததும் ஆட்குறைப்பு வந்தது. அப்போது அவர் வெறும் காப்டன்.

அடுத்த ஆண்டு ஹோஹென்ட்சோலர்ன்-ஹெக்கிங்கன் என்ற சிற்றரசின் அரண்மனை நிர்வாகியாக அமர்ந்தார். 1769இல் பாடன் அரசு ஒரு வீரப்பட்டத்தை வழங்கிய பிறகு தம்மைப் ‘பாரன்’ என்ற பிரபுப் பட்டத்தோடு அழைத்துக்கொள்ளத் தொடங்கினார். அந்தச் சிற்றரசர் கடன் கேட்டு பிரான்சுக்குப் போய்ப் பல ஆண்டுகள் அலைந்தபோது இவரும் கூடவே அலைந்து, 1775இல் இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1777 வாக்கில் இவர் கடனில் மூழ்கியிருந்தார். இளைஞர்களோடு முறைகேடாகப் பழகினார் என்ற வதந்தி வேறு அவரைத் துரத்தியதால், ஜெர்மானிய நாடுகளில் எங்கும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. புதிய நாட்டைத் தேடுகிறவர்கள் எல்லாரும் கனவோடுதான் கிளம்புகிறார்கள் என்று எழுதுவது எளிது. இவருக்குத் திரும்பிப் போக இடமில்லை என்பதே உண்மை.

பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அமெரிக்கப் படையில் சேர அவருக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில், பிரஷ்ய மன்னரின் சேவையில் லெஃப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று குறிப்பிடப்பட்டது. காப்டன் ஒரே மூச்சில் ஜெனரலாகிவிட்டார். வேலை விண்ணப்பத்தில் அனுபவத்தை ஊதிப் பெருக்குவதைப் பற்றி நம்மவர்களிடம் கேலிப் பேச்சுகள் உண்டு. அவற்றில் எதுவும் இந்த உயரத்தை எட்டியதாக நான் கேட்டதில்லை. 1777 டிசம்பர் 1 அன்று, பதினேழு வயது பிரெஞ்சு உதவியாளன் டூ போன்சோவும் அசோர் என்ற வேட்டை நாயும் உடன்வர, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இறங்கினார். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் கூடியிருந்த காங்கிரஸிடம், அதாவது போரை நடத்திய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையிடம், சம்பளமின்றித் தொண்டராகப் பணியாற்றுவதாகவும், போரில் வென்றால் தமக்கு உரியதைக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அந்த நாட்டில் காலூன்ற அவர் கொடுத்த முன்பணம் என்று இதைச் சொல்லலாம்.

1778 பிப்ரவரி 23 அன்று அவர் பென்சில்வேனியாவில் அமெரிக்கப் படை குளிர்காலத்தைக் கழித்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே உடையும் காலணியும் இல்லாத படையாட்கள் குடிசைகளில் ஒடுங்கிக்கிடந்தனர். அந்தக் குளிர்காலத்தில் நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். கழிப்பிடங்களைச் சமையல் இடத்துக்கு எதிர்ப்புறத்தில், சரிவின் கீழே அமைக்கச் செய்தது அவர் செய்த முக்கியமான மாற்றங்களில் ஒன்று. பிறகு நூறு பேர் கொண்ட மாதிரி அணியைத் திரட்டி, துப்பாக்கியைத் தாமே கையில் எடுத்துப் பயிற்சி கொடுத்தார். அதிகாரிகள் ஒதுங்கி நின்று சார்ஜென்ட்டுகளிடம் பயிற்சியை விட்டுவிடும் படையில், ஒரு ‘ஜெனரல்’ இப்படி மைதானத்தில் இறங்கியது எல்லாரையும் வியக்க வைத்தது. ஆங்கிலம் அவருக்கு வராது. விதிகளை இரவில் பிரெஞ்சில் எழுதுவார். டூ போன்சோ மொழிபெயர்ப்பான். தலைமைத் தளபதி வாஷிங்டனின் உதவி அதிகாரிகளான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜான் லாரன்ஸும் திருத்துவார்கள். அணிவகுப்பு குழம்பினால் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அவர் வசைமாரி பொழிவார். பிரெஞ்சு தெரிந்த காப்டன் பெஞ்சமின் வாக்கர் அருகில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்வார்.

ஐரோப்பியச் சிப்பாயிடம் ‘செய்’ என்றால் செய்துவிடுகிறான், இங்கே ஏன் செய்ய வேண்டும் என்பதை முதலில் விளக்கினால்தான் செய்கிறான் என்று பழைய நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார். இந்தக் கடிதத்தை அமெரிக்கர்களின் சுதந்திர உணர்வுக்குச் சான்றாகப் பலரும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது, நாற்பத்தேழு வயதில், தன் தொழிலின் அடிப்படைப் பழக்கத்தையே ஒருவர் மாற்றிக்கொண்டார் என்பதுதான். பெரும்பாலான குடியேறிகளால் உணவையும் உடையையும்கூட அவ்வளவு விரைவில் மாற்றிக்கொள்ள முடிவதில்லை. அதே முகாமில் அவர் இளம் அதிகாரிகளுக்கு ஒரு விருந்தும் வைத்தார். கிழியாத கால்சட்டை அணிந்தவருக்கு அனுமதி இல்லை என்பது நிபந்தனை.

மே மாதம் அவர் மேஜர் ஜெனரல் பதவியோடு படையின் தலைமை ஆய்வாளர் ஆனார். இல்லாத பதவியைச் சொல்லி வந்தவருக்கு உண்மையான பதவியே கிடைத்தது. ஜூன் 28 அன்று நியூ ஜெர்சியின் மன்மத் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையோடு நடந்த போரில் பயிற்சியின் பலன் தெரிந்தது. 1779இல் அச்சான அவருடைய விதிநூல் பல ஆண்டுகள் அமெரிக்கப் படையின் கையேடாக இருந்தது. 1781இல் பிரிட்டிஷ் படையைச் சரணடைய வைத்த யார்க்டவுன் முற்றுகையில் ஒரு டிவிஷனுக்குத் தலைமை வகித்தார்.

படையை விட்ட பிறகுதான் உண்மையான குடியேற்றம் தொடங்கியது. 1784இல் பென்சில்வேனியா அவரைக் குடிமகனாக ஏற்றது. மறு ஆண்டு, புதிதாக வரும் ஜெர்மானியர்களுக்கு உதவும் நியூயார்க் சங்கத்தின் தலைவரானார். பணம் மட்டும் கையில் நிற்கவில்லை. மன்ஹாட்டனில் தாராளமாக விருந்து வைத்து வாழ்ந்த அவர், காங்கிரஸ் தரவேண்டிய தொகையை நம்பிக் கடன் வாங்கினார். காங்கிரஸோ ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. நியூ ஜெர்சி வீட்டை 1788இல் விற்றார். நியூயார்க் மாநிலம் கொடுத்த 16,000 ஏக்கர் காடாக இருந்ததால் அதை உடனே காசாக்க வழியில்லை. 1790இல்தான் ஆண்டுக்கு 2,500 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. பின்னர் அந்த நிலத்தில் இரண்டு அறைகள் கொண்ட மரவீட்டில் கோடைக்காலங்களைக் கழித்து, மரம் வெட்டிக் குத்தகைக்காரர்களைக் குடியமர்த்த முயன்றார். 1794 நவம்பர் 28 அன்று அங்கேயே இறந்தார். மணம் செய்யாத அவர், சொத்தில் பெரும்பகுதியைத் தம் முன்னாள் உதவி அதிகாரிகளான வாக்கருக்கும் வில்லியம் நார்த்துக்கும், நூல்களையும் வரைபடங்களையும் ஜான் மல்லிகன் என்ற இளம் செயலாளருக்கும் எழுதிவைத்திருந்தார்.