பழைய ஹோண்டா சிட்டி வாங்கும் முன்: டாப்பெட், மவுண்ட், கூலன்ட்

2008 இறுதியில் வந்து 2013 வரை விற்ற மூன்றாம் தலைமுறை சிட்டிக்கு செகண்ட்ஹேண்ட் சந்தையில் இன்றைக்கும் மவுசு இருக்கிறது. 1497 சிசி ஐ-விடெக் பெட்ரோல் இன்ஜின், 118 குதிரைத்திறன். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். சிக்கலே அதில்தான். கவனிக்காமல் விட்டாலும் ஓடிவிடும் இன்ஜின் என்பதால், ஆயில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் தள்ளிப்போட்டவர்கள் அதிகம். அந்தச் செலவு மூன்றாவது ஓனர் தலையில்தான் விழும். "நல்லா ஓடுது சார்" என்பது இந்த வண்டியைப் பொறுத்தவரை எதற்கும் அத்தாட்சி ஆகாது.

முதலில் டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இந்த இன்ஜினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. ராக்கர் ஆர்மில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகித்தான் இடைவெளி வைக்க வேண்டும். இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30. இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், ஓனரும் ஓடிவந்து சரி செய்துவிடுவார். ஆபத்து இடைவெளி குறைவதில்தான். எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேயத் தேய வால்வ் மேலேறி இடைவெளி சுருங்கும். இன்ஜின் முன்பைவிட அமைதியாகக்கூட இருக்கும். ஆனால் சூடானதும் வால்வ் முழுசாக மூடாது. கம்ப்ரஷன் ஒழுகும், சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறும், கடைசியில் வால்வ் கருகும். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் மாட்டி ஓடிய வண்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். கிட்டைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு, அதனால் டிக்கியில் சிலிண்டர் பிராக்கெட் போட்ட துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த இடைவெளியைப் பார்க்கச் சொல்வது வீண் செலவு இல்லை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி விட்டுவிட்டு காலையில் திறப்பது உத்தமம். முதல் சிலிண்டரை டிடிசியில் (கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி அதன் நாலு வால்வையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தபின், கிராங்கை 180 டிகிரி வீதம் திருப்பி 3, பிறகு 4, பிறகு 2 ஆவது சிலிண்டர். சூடான இன்ஜினில் "கை பழக்கத்தில் வச்சிடலாம்" என்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். கவர் திறந்த கையோடு ஹெட் கவர் கேஸ்கெட்டையும் பிளக் குழாய் சீல்களையும் மாற்றிவிடுங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கினால் இக்னிஷன் காயில் போகும்.

சிக்னலில் உதறுவதற்கெல்லாம் டாப்பெட்தான் காரணம் என்றும் இல்லை. நியூட்ரலில் சரியாக இருந்து, ஏசி போட்டதும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டைப் பாருங்கள். டைமிங் செயின் பக்கத்து மவுண்ட் எண்ணெய் நிரம்பியது. ரப்பர் வெடித்தால் அடியில் கறுப்பாக வழிந்திருக்கும். ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடி அழுக்கு. சுத்தம் செய்தபின் ஐடில் லேர்ன் (வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டும்: எல்லா எலக்ட்ரிக்கல் லோடையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுழலும்வரை 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "சென்சார் போச்சு" என்று பில் போடுவது சகஜம்.

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் கிடையாது. ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது நேரம் கடந்திருக்கும். ரேடியேட்டரின் மேல்பக்க பிளாஸ்டிக் டேங்க் வயதானால் விரிசல் விடும். ஹோஸ் மாட்டும் கழுத்தில் காய்ந்த கூலன்ட் படிந்திருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். ரிசர்வ் டேங்கில் துருநிறத் தண்ணீர் இருந்தால், அந்த ஓனர் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) நிறம் பாருங்கள். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் இறங்கும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். கறுத்திருந்தால் இடையில் கொஞ்சம் ஓட்டி மூன்று தடவை வடித்து ஊற்றுவது மெஷின் ஃப்ளஷைவிட பாதுகாப்பு. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஸ்டெபிலைசர் லிங்கும் தேயும் சாமான்கள், பயப்பட ஒன்றுமில்லை. அதையெல்லாம் மாற்றியும் சின்னக் குழியில் ஸ்டீயரிங்கில் கடகடப்பு தெரிந்தால் காரணம் ஸ்டீயரிங் ராக், அதாவது ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகம். அது பெரிய செலவு.

சென்னைப் பதிவு வண்டியா? 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா, சீட் ரெயில் போல்ட்டுகள் துருவா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (பையை ஊதும் பாகம்) ரீகாலில் இந்த சிட்டியும் உண்டு; சேசிஸ் எண்ணை ஹோண்டா இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும், மாற்றித் தருவது இலவசம். 15 வருடம் முடிந்த வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.