ஆகாயத்தில் நடந்ததை யார் பார்த்தது?

போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் பரம் வீர் சக்ரா. இதுவரை வழங்கப்பட்ட 21 பரம் வீர் சக்ராக்களில் விமானப்படைக்கு வந்தது ஒன்றே ஒன்று. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, விமானிகளின் துணிச்சல் தரைப்படையினருடையதை விடக் கொஞ்சம் குறைவு என்று பேசுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பதுங்குகுழியில் ஒருவர் செய்ததைச் சொல்ல அவருடைய பிளாட்டூனே இருக்கும். ஒற்றை இருக்கை விமானத்தில் யார் இருக்கிறார்கள்? சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கூடப் பறந்தவர் மேகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார். விமானம் விழுந்தால் துப்பாக்கியோடு இணைந்த கேமராவின் பிலிமும் அதோடு போய்விடும். வான்வீரப் பதக்கங்களைப் படிக்கும்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நான் முதலில் தேடுவது, இதைப் பார்த்தது யார் என்பதைத்தான்.

அதற்கு முன், எந்தப் பதக்கம் எதற்கு என்பது தெளிவாக வேண்டும். இந்தியாவில் வீரப் பதக்கங்கள் இரண்டு குடும்பம். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்கள். இவை 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதியிடப்பட்டன. எதிரி எதிரில் இல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952இல் இவை அசோக சக்ரா முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்றே இருந்தன. 1967இல்தான் இப்போதைய பெயர்கள் வந்தன. இரு குடும்பத்துக்கும் பொதுவாக, இவற்றுக்குக் கீழே விமானப்படைக்கென்றே 1960இல் வந்தது வாயு சேனா பதக்கம்.

சீருடைப் படத்தில் ரிப்பனை வைத்தே இவற்றை அடையாளம் காணலாம். பரம் வீர் சக்ராவுக்கு வெறும் ஊதா. மகா வீர் சக்ராவுக்குப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. ஆரஞ்சுப் பக்கம் அணிபவரின் இடது தோளை நோக்கி இருக்க வேண்டும், அதாவது பார்க்கிற நமக்கு வலப்புறம். படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அசோக சக்ரா குடும்பத்துக்குப் பச்சை ரிப்பன். நடுவில் ஒரு ஆரஞ்சுக் கோடு இருந்தால் அசோகம், இரண்டு இருந்தால் கீர்த்தி, மூன்று இருந்தால் சௌர்யம்.

வாயு சேனா பதக்கத்தின் ரிப்பன் தனி ரகம். சாம்பலும் ஆரஞ்சும் மாறிமாறி, சாய்கோடுகளாக ஓடும். இந்தச் சாய்வு பிரிட்டிஷ் விமானப்படையின் பதக்கங்களிலிருந்து வந்த வழக்கம். 1918இல் தொடங்கப்பட்ட டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸின் வெள்ளை, ஊதாக் கோடுகள் முதலில் கிடைமட்டமாக இருந்தன. 1919இல் 45 டிகிரி சாய்வாக மாற்றினார்கள். அந்தப் பதக்கத்தை முதலில் பெற்ற இந்தியர் இந்திரலால் ராய். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே மாதம் 22ஆம் தேதி இறந்தார். வயது 19. பிற்காலத்தில் விமானப்படையின் மார்ஷல் ஆன அர்ஜன் சிங், 1944இல் இம்பால் போர்முனையில் பெற்றதும் இதே பதக்கம்தான்.

இனி அந்த ஒற்றைப் பரம் வீர் சக்ரா. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். 18ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவு) நாட் விமானங்கள் அங்கே தயார்நிலையில் நின்றன. எதிரி வருவதை முன்கூட்டிக் காட்டும் ரேடார் வசதி அங்கே இல்லை. மலைமேல் இருந்த கண்காணிப்புச் சாவடிகளின் எச்சரிக்கைதான். எச்சரிக்கைக்கும் குண்டுக்கும் இடையில் நேரமே இருக்காது. பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தளத்தைத் தாக்கிக்கொண்டிருந்தபோதே ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓடுபாதையிலிருந்து புறப்பட்டார். புறப்படும் போர்விமானத்தைப் போல எளிதான இலக்கு வேறில்லை: வேகம் இருக்காது, உயரம் இருக்காது, திரும்பவும் முடியாது. மேலே எழுந்ததும் ஒரு ஜோடி சேபர்களின் பின்னால் சென்றார். ஒன்றைச் சுட்டார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது விருதுக் குறிப்பு. அதற்குள் மற்ற சேபர்கள் வந்து சூழ்ந்துகொண்டன, ஒன்றுக்கு நான்கு. அவருக்கு முன்னால் புறப்பட்டுப் போன தலைமை விமானி குமன், பார்வைத் தெளிவு குறைந்திருந்ததால் சேகோனைத் தவறவிட்டிருந்தார். தான் அடிபட்டுவிட்டதாகச் சேகோன் ரேடியோவில் சொன்னதுதான் கடைசி. விமானத்தின் சிதைவு மலைப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை.

இங்கே சாட்சிகளைக் கவனியுங்கள். சண்டை தளத்தின் தலைக்கு மேலேயே, தாழ்வாக நடந்தது. தரையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவர் பேசியதை ரேடியோவில் கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் நூறு மைல் தள்ளி இதே சண்டை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்கும் விடை இருக்கிறது. 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா தளத்தின்மேல் தாக்குதல். முதலாம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்கள் ஆதம்பூரிலிருந்து புறப்பட்டன. ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமட போப்பய்ய தேவய்யா மாற்று விமானி. யாராவது விலகினால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர். ஒரு விமானம் விலக, அவர் சேர்ந்துகொண்டார். சர்கோதா மிஸ்டேருக்கு எட்டும் தூரத்தின் விளிம்பில் இருந்தது. தாக்கிவிட்டு நேராகத் திரும்பத்தான் எரிபொருள் உண்டு. வழியில் சண்டை போட்டால் வீடு வந்து சேர்வது சந்தேகம். திரும்பும் வழியில் ஒரு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் குறுக்கே வந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய விமானம் அது. மிஸ்டேரோ மட்டமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்தைக்கூடத் தாண்டாது; கையில் இருந்தது இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். தேவய்யாவின் விமானம் அடிபட்டது. ஆனாலும் அவர் திரும்பி நின்று மோதினார். தாழ்ந்த உயரத்தில், வேகம் குறைந்த திருப்பங்களில் ஸ்டார்ஃபைட்டரின் குட்டைச் சிறகுகள் உதவாது. மிஸ்டேருக்கு இருந்த ஒரே சாதகம் அதுதான். ஸ்டார்ஃபைட்டர் வீழ்ந்தது, அதன் விமானி குதித்துத் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை.

இந்தியப் பக்கம் இதைப் பார்த்தவர் எவருமில்லை. காணாமற்போனவர் என்று பதிவானது, அவ்வளவே. அவர் எப்படிப் போரிட்டார் என்ற விவரம் பாகிஸ்தான் தரப்புக் குறிப்புகள் வழியாகத்தான், பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. 1988இல், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, மகா வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இந்திய விமானப்படையில் மறைவுக்குப்பின் வழங்கப்பட்ட ஒரே மகா வீர் சக்ரா இதுதான். எதிரியின் வாக்குமூலம் இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

சாட்சி இருந்தும் சொல்ல முடியாத வகை ஒன்றும் உண்டு. விங் கமாண்டர் ஜக் மோகன் நாத், 106ஆம் ஸ்குவாட்ரனின் கான்பெரா விமானத்தில் அக்சாய் சின், திபெத் மேல் பறந்து சீனப் படைகளைப் படமெடுத்தவர். அவருடைய சாட்சி பிலிம். அதையே ரகசியமாக வைத்திருந்தார்கள். 1962க்கு ஒரு மகா வீர் சக்ரா, 1965க்கு இன்னொன்று. இரண்டாம் முறை பெறும்போது புதுப் பதக்கம் தருவதில்லை. பழைய ரிப்பனிலேயே ஒரு பட்டை சேரும். விமானப்படையில் இப்படி இருமுறை மகா வீர் சக்ரா பெற்ற மற்றவர் விங் கமாண்டர் பத்மநாப கௌதம், அவரும் கான்பெரா விமானிதான்.

எதிரியே இல்லாத வானத்தில் நடப்பதை நம் ஊடகங்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1952இல் ஃபிளைட் லெப்டினன்ட் சுஹாஸ் பிஸ்வாஸ், எஞ்சினில் தீப்பிடித்த டெவன் விமானத்தை மூத்த ராணுவ அதிகாரிகளோடு சண்டிலா அருகே பத்திரமாக இறக்கி அசோக சக்ரா பெற்றார். நமக்கு நெருக்கமான உதாரணம் விமானி வருண் சிங். 2020 அக்டோபர் 12 அன்று, பழுது நீக்கப்பட்ட ஒரு தேஜஸ் போர்விமானத்தைச் சோதித்துப் பார்க்க எடுத்துச் சென்றார். உயரத்தில் காக்பிட் காற்றழுத்தம் போனது. கீழே இறங்கத் தொடங்கியதும் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. தேஜஸ் அந்தக் கணினி அமைப்பு இல்லாமல் நிலையாகப் பறக்க முடியாதபடி வடிவமைக்கப்பட்ட விமானம். விமானத்தின் மூக்கு மேலும் கீழுமாக ஆட, அவர் உடல் தாங்கும் எல்லை வரை இழுபட்டார். ஒருமுறை மீட்டார். 10,000 அடியில் மறுபடியும் கட்டுப்பாடு போனது. இருக்கையோடு குதித்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மறுபடியும் மீட்டுத் தரையிறக்கினார். விமானம் முழுதாக வந்ததால் கோளாறைக் கண்டுபிடித்து மற்ற தேஜஸ்களில் சரிசெய்ய வழி கிடைத்தது. 2021 ஆகஸ்டில் சௌர்ய சக்ரா. அதே ஆண்டு டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து, 15ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

செய்திகளில் அடிக்கடி தவறாக வரும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பதக்கம் என்பது எதிரி விமானத்தை வீழ்த்தியதற்கான ரசீது அல்ல. 2019 பிப்ரவரி 27 மோதலுக்காக வீர் சக்ரா பெற்ற, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான் ஒரு எஃப்-16ஐ வீழ்த்தினார் என்கிறது இந்தியா, இல்லை என்கிறது பாகிஸ்தான். அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். மிக்-21 பைசனில் எதிர்கொண்டு போனதும், பிடிபட்ட பின் நடந்துகொண்ட விதமும் எவரும் மறுக்காதவை. இரண்டாவது, யுத் சேவா பதக்கம் வீரப் பதக்கம் அல்ல. போர்க்காலச் சிறப்புச் சேவைக்கானது. அதே மோதலில் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்திய மிண்டி அகர்வால் பெற்றது இது. அதனால் அவர் செய்தது சிறிதாகிவிடாது.

வாயு சேனா பதக்கத்தையும் இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். வீரத்துக்குத் தருவது வேறு, கடமைச் சிறப்புக்குத் தருவது வேறு. ரிப்பன் ஒன்றே என்பதால் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாதாந்திரப் பதக்கப் படி வீரத்துக்கானதற்கு மட்டும்தான். 2017இல் இரட்டிப்பாக்கியபோது அது 2,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, பரம் வீர் சக்ராவுக்கு 20,000. ஒருவர் எந்த வகையில் பெற்றார் என்று தெரிய வேண்டுமானால் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வரும் அறிவிப்பில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அரசிதழில் விருதுக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்.