பத்து மணித் தண்ணீர்

காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு ஆற்றில் மணல் குறைகிறதே என்ற கவலைதான் பழக்கம். மணல் வருகிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களை நான் முதன்முதலில் பார்த்தது இமாச்சலப் பிரதேசத்தில், சட்லெஜ் பள்ளத்தாக்கில். நீர்மின் நிலைய டர்பைன்களை ஆற்று வண்டல் எப்படி அரிக்கிறது என்பது என் ஆய்வு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். இங்கே கல் ஊர எஃகு தேய்கிறது. இமயத்து ஆறுகளின் மணலில் குவார்ட்ஸ் என்ற கனிமம் மிகுதி. பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. டர்பைனுக்குள் தண்ணீர் சுழற்றும் சக்கரமான ரன்னரை வார்க்கும் எஃகில் 13 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. துருவை அது தாங்கும், குவார்ட்ஸை அல்ல. போதாக்குறைக்கு, வேகம் இரு மடங்கானால் தேய்மானம் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தில் தண்ணீர் 400 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்குகிறது. 0.2 மில்லிமீட்டரைவிடப் பெரிய மணலைப் பிடிப்பதற்காக மலைக்குள்ளேயே அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். அதைவிடப் பொடியானது தண்ணீரோடு போய்விடும்.

நான் வேலை செய்த நிலையம் வேறு, சிறியது. கழற்றி வைத்திருந்த ரன்னரை அங்கே பார்த்த நாள் நினைவிருக்கிறது. தகடுகளின் மேல் மீன் செதில் போல அலை அலையான குழிவுகள். தண்ணீர் வெளியேறும் விளிம்பு ரம்பப் பல்லாகியிருந்தது. தடவப் போன என் கையை ஃபிட்டர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சாப், அறுத்துவிடும்." ரன்னருக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் தகடுகளான கைடு வேன்களின் முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். அவருடைய பென்சில் நுழைந்தது. அந்தச் சந்தில் பீறிடும் தண்ணீர் சுழலாக மாறி, ரன்னரின் நுழைவாயிலையும் குடைந்துவிடும். ஓர் இடம் தேய்ந்தால் அது பக்கத்து இடத்தையும் கெடுக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் மாதிரித் துண்டுகளை எடைபோட்டுக்கொண்டிருந்த நான் உணர்ந்ததே இல்லை.

என் தவறு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி, எடை போட்டேன். மூன்று வாரத் தரவும் அழகாக ஒரே கோட்டில் நின்றது. அந்த வண்டல் அளவைத் தேய்மானச் சூத்திரத்தில் போட்டால், ரன்னர் இன்னும் பல பருவங்கள் தாங்க வேண்டும். கண்முன்னே கிடந்த ரன்னரோ இரண்டாவது பருவத்திலேயே வெல்டிங்குக்கு வந்திருந்தது. நான் சூத்திரத்தைச் சந்தேகித்தேன். மாறிலிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆராய்ச்சியாளனுக்கு அதுதானே கைவசம் உள்ள வித்தை!

இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "டாக்டர் சாப், பனி உருகுவது பகலில். அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்து சேர்வது எப்போது?" பதிவேட்டை எடுத்துக் காட்டினார். நள்ளிரவுக்குப் பிறகு இயந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயின் வடிகட்டிகள் வண்டலால் அடைத்துக்கொண்ட நேரங்கள் பேனாவால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மேலே எங்கோ மழை பெய்த நாட்களில் அந்த வரிசை இன்னும் நீண்டிருந்தது. அவ்வளவு நாளும் நான் அளந்தது பத்து மணித் தண்ணீரை மட்டுந்தான்.

விநாடிக்கு 100 கன மீட்டர் ஓடும் தண்ணீரில் 2,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 2,000 பங்கு, வண்டல் இருந்தால், ஒரு மணி நேரத்தில் டர்பைன்கள் வழியே போவது 720 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 72 லாரி! இரவில் சில மணி நேரம் அது நான்கு மடங்கானாலும் என் பதிவில் தடயமே இருக்காது.

அது தெரிந்த பிறகும் நிறுத்து என்று சொல்வது எளிதல்ல. ஆறு நிறைந்து ஓடும் பருவத்தில் 50 மெகாவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் 50,000 யூனிட் போச்சு. அந்த இழப்பு அன்றைய அறிக்கையிலேயே தெரிந்துவிடும். ரன்னரின் தேய்மானமோ குளிர்காலத்தில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பூச்சைப் பூசினால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. பூச்சு நல்லதுதான். ஆனால் குறுகலான தகடுகளின் உட்புறத்துக்குத் தெளிப்பான் எட்டுவதில்லை. ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் அங்கே தோண்டுவது போலக் குழி விழும்.

அடுத்த ஆண்டு மணிக்கொரு பாட்டில் எடுக்க ஏற்பாடு செய்தோம். இரவு ஷிஃப்ட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். அவற்றில் ஒன்றை வடிகட்டாமல் மேசையில் வைத்திருக்கிறேன். லேபிளில் அந்த ஆபரேட்டரின் கையெழுத்தில் 1.40 என்றிருக்கிறது. மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனுக்குச் சாம்பல் நிற மணல், நடுநடுவே அபிரகம் மின்னுகிறது.