சுரங்க அறிக்கையும் எங்கள் கிணற்றுக் கயிறும்

அரியலூர் பக்கம் எங்கள் ஊர். கரிசலைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற எங்கள் காட்டை ஒட்டி திறந்தவெளிச் சுரங்கம் வரப்போகிறது என்று ஒரு சித்திரை மாதம் நாளிதழில் அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் இருந்தது.

சுரங்கத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். அதிலிருந்து தமிழில் கொடுத்த சுருக்கம் சில பக்கம்தான். முழு அறிக்கையும் ஆங்கிலம். ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்றார்கள். நானும் சித்தப்பாவும் நான்கு நாள் போய் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தோம். தூசி, இரைச்சல், வெடி அதிர்வு என்று அட்டவணைகள் நிறைய. நான் நின்றது தண்ணீர்ப் பக்கத்தில்.

குழியின் இறுதி ஆழம் 35 மீட்டர். சுற்றுக் கிணறுகளில் தரையிலிருந்து சராசரி 4.5 மீட்டர் ஆழத்தில் தண்ணீர். சுரங்கத் தண்ணீரை இறைத்தால் மட்டம் 2 மீட்டர் வரை இறங்கலாம், பெரிய பாதிப்பு இல்லை. இப்படித்தான் எழுதியிருந்தது. அளந்த மாதம் ஜனவரி. மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் அளந்தால் போதும் என்பது விதி, அதனால் விதிப்படி சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த கிணறு தை மாதம் ததும்பிக்கொண்டல்லவா இருக்கும்!

சித்தப்பா கயிற்றில் கல்லைக் கட்டினார். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடாத கிணறாகப் பார்த்து, விடியற்காலையில் இறக்கினோம். கல் தண்ணீரைத் தொடும்போது கை லேசாகும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே இழுத்து டேப்பில் அளந்தோம். 11 கிணறுகள். சர்வே எண், கிணற்றின் ஆழம், நேரம் எல்லாம் எழுதினோம். எங்கள் கிணறு 52 அடி. 46 அடியில் தண்ணீர். மிச்சம் 6 அடி. அறிக்கை சொன்ன 2 மீட்டர் என்பது ஆறரை அடி. தை மாதம் அது குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. சித்திரையில் குறைந்தால் மாட்டுக்குக் காட்டக்கூடத் தண்ணீர் இருக்காது.

இன்னொன்று, மேல்மண் கொட்ட ஒதுக்கிய இடம். அங்கே நீர்நிலை இல்லை என்றது அறிக்கை. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படமும், நிலத்தின் வகை எழுதிய அ-பதிவேடும் பார்த்தோம். ஓடைப் புறம்போக்கு. எங்கள் ஏரிக்கு வரத்தே அந்த ஓடைதான்.

கூட்டத்தில் பலர் வேலை கேட்டுப் பேசினார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்க் கிடக்கிற ஊரில் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் முறை வந்ததும் கிணற்றுக் கணக்கை வாசித்தேன். முடிவில் பேசியதைப் பதிவு செய்து படித்துக் காட்டுவார்கள், அதுவரை எழுந்து போய்விடாதீர்கள். நான் சொன்னது 'தண்ணீர் குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று ஒரு வரியாகிவிட்டிருந்தது. எழுந்து சொன்னேன், திருத்தினார்கள். அட்டவணையையும் கையெழுத்திட்டு மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன்.

இறுதி அறிக்கையில் கோடைக்கால அளவும் சேர்ந்தது. மண் கொட்டும் இடம் ஓடையை விட்டுத் தள்ளிப் போனது. சுரங்கத்துக்கு அனுமதியும் கிடைத்தது. ஆண்டுக்கு 4 முறை கிணறுகளை அளக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் சுரங்கக்காரர்கள் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அதில் வரும் எண்ணோடு ஒப்பிட, நாங்களும் அதே கிணறுகளில் கயிறு இறக்கி வருகிறோம். இந்த வைகாசியில் எங்கள் கிணற்றில் 47 அடியில் தண்ணீர்.